பழைய இன்ஜினின் சிறு ரப்பர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய கார்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் அண்மையில் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை இன்ஜினின் சிறு ரப்பர் உறுப்புகளைப் பற்றியவை. பிஸ்டன், பேரிங் போன்ற பெரிய சாமான்கள் தேடினால் கிடைத்துவிடுகின்றன. விரல் நுனியளவு ரப்பர் வளையம் ஒன்று கிடைக்காமல் கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றுவிடுகிறது. பெயர் தெரியாததும், கையில் இருக்கும் பழைய துண்டையே மாதிரியாக நம்புவதும்தான் இதற்கு முக்கியமான காரணங்கள். சூட்டிலும் எண்ணெயிலும் பல ஆண்டுகள் கிடந்த ரப்பர் தன் உருவத்தை இழந்துவிட்டிருக்கும். அது உட்காரும் இரும்பு இடம் அப்படியே இருக்கும். ஆகவே, தேடலை எப்போதும் அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

என்னிடம் இருப்பது 1489 சி.சி. இன்ஜின் பொருத்திய அம்பாசிடர் மார்க் 2. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதும், நீண்ட இறக்கத்தில் இறங்கிய பின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் நீலப் புகை வருகிறது. ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், வால்வுத் தண்டுகளில் கறுப்பாக நொறுங்கிக் கிடந்த துண்டுகளைக் காட்டினார். கடையில் ‘வால்வு ரப்பர்’ என்று கேட்டால் இக்காலக் கார்களின் தொப்பி வடிவ சீலைத் தருகிறார்கள். ஹைட்ராலிக் சாமான் கடையில் வாங்கிப் போட்ட ஓ-ரிங்கும் சில மாதங்களில் கல்லாகிவிட்டது. எதைச் சொல்லிக் கேட்பது?
– வாசகர், காரைக்குடி

உங்கள் மெக்கானிக் காட்டிய துண்டுகள் வால்வுத் தண்டின் பேக்கிங் ரிங்கினுடையவை. இக்கால இன்ஜின்களில் வால்வு சீல் என்பது, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடின் தலையைக் கவ்விக்கொண்டு அமரும் தொப்பி. உங்கள் இன்ஜினில் அது கைடின்மேல் இல்லை. தண்டின் மேற்பகுதியில், வால்வு லாக் (ஸ்பிரிங்கின் மேல்தட்டைத் தண்டோடு பிணைக்கும் சிறு துண்டு) அமரும் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே, ஸ்பிரிங்கின் மேல்தட்டுக்குள் மறைந்து நிற்கும் சிறு வளையம் அது. வால்வை அழுத்தும் ராக்கரிலிருந்து தெறிக்கும் எண்ணெய் லாக்குகளின் இடுக்கு வழியாகத் தண்டோடு வழிந்து கைடுக்குள் இறங்காமல் தடுப்பதே அதன் வேலை. கடைக்காரர் தந்த தொப்பி சீலைக் கவ்விப் பிடிக்கும் வடிவில் உங்கள் பழைய கைடின் தலை கடையப்பட்டிருக்காது. அப்படியே அழுத்திப் போட்டால் ஓடும்போது கழன்று தண்டோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

கேட்பதற்குரிய பெயர் காரின் பெயரில் இல்லை, இன்ஜினின் குடும்பத்தில் இருக்கிறது. அம்பாசிடரின் 1489 சி.சி. இன்ஜின், இங்கிலாந்தில் ஆஸ்டினும் மோரிஸும் இணைந்து 1952இல் உருவான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி-சீரிஸ்’ வகையைச் சேர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், எம்.ஜி. மாக்னெட் ஆகியவற்றிலும், 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே இன்ஜின்தான் இருந்தது. ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் தேடுவோர் குறைவு. ஆனால் எம்.ஜி. கார்களைப் போற்றிப் பாதுகாப்பவர்கள் உலகெங்கும் இருப்பதால், அவற்றுக்கான சிறு ரப்பர்கள் இன்றும் புதிதாகவே தயாராகின்றன. ஆகவே ‘எம்.ஜி.ஏ. 1500, வால்வு ஸ்டெம் சீல்’ என்று கேளுங்கள். அம்பாசிடர் என்று கேட்டபோது மூடியிருந்த கதவுகள் திறக்கும். எனினும் இந்தியாவில் பல்லாண்டுகள் தயாரிக்கப்பட்ட இன்ஜின் என்பதால், வாங்குவதற்கு முன் தண்டின் விட்டத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள். பி-சீரிஸ் தண்டு ஏறத்தாழ 8.7 மி.மீ. இருக்கும். மோரிஸ் மைனர், மினி ஆகியவற்றின் ஏ-சீரிஸ் தண்டு ஏறத்தாழ 7.1 மி.மீ.தான். இரண்டு வளையங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், மினியின் வளையத்தை இழுத்துப் பெரிய தண்டில் மாட்டிவிட வாய்ப்புண்டு. அப்படி இழுபட்ட ரப்பர் விரைவில் வெடித்துவிடும்.

எம்.ஜி. வளையமே கிடைக்காமல் ஓ-ரிங் வைத்துத்தான் தீர வேண்டும் என்றால், ஸ்பிரிங் மேல்தட்டின் உள்விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்குங்கள். வளையத்துக்கு இருக்கும் இடம் அவ்வளவுதான். வளையத்தின் பருமன் அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். இந்த இன்ஜின்கள் அங்குலக் கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. அங்குல ஓ-ரிங்குகளின் பருமன் 1.78, 2.62, 3.53 மி.மீ. என்று போகும்; மெட்ரிக் ஓ-ரிங்குகள் 1.5, 2, 2.5, 3 மி.மீ. என்று போகும். பழைய வளையத்தின் பருமன் ‘கிட்டத்தட்ட 2.6’ என்று வந்தால், அது தேய்ந்துபோன 3 மி.மீ. வளையம் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் அது அங்குல வரிசையின் 2.62 ஆகத்தான் இருக்கும்.

வாங்கிப் போட்ட வளையம் கல்லானதற்கு முதல் காரணம் சூடாக இருக்கலாம். ஹைட்ராலிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது நைட்ரைல் ரப்பர். எண்ணெயைத் தாங்கும், ஆனால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் நெடுநாள் இருந்தால் இறுகத் தொடங்கும். எக்ஸாஸ்ட் வால்வுப் பக்கம் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஏறத்தாழ 200 டிகிரி வரை தாங்கும் வைட்டான் ரப்பரில் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் மொத்தம் எட்டே வளையங்கள்.

இரண்டாவது காரணம் பொருத்தும் முறை. ஸ்பிரிங்கை அழுத்துவதற்கு முன்பே வளையத்தைத் தண்டில் மாட்டிவிட்டு மேல்தட்டைக் கீழே தள்ளினால், தட்டின் விளிம்பு வளையத்தைச் சீவிவிடும். முதலில் ஸ்பிரிங்கையும் தட்டையும் கருவியால் நன்றாக அழுத்திக்கொண்டு, இன்ஜின் எண்ணெயில் சற்று நேரம் ஊறிய வளையத்தைத் தண்டின் தலைவழியாக இறக்கி, லாக் பள்ளத்தைத் தாண்டி அதன் கீழே நிறுத்தி, அதன் பிறகே லாக்குகளை வைத்துக் கருவியைத் தளர்த்த வேண்டும். ஒருமுறை கழற்றிய வளையத்தை மீண்டும் போடக் கூடாது.

ஹெட் கீழே இருக்கும்போதே வால்வைச் சற்றுத் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைடு தேய்ந்து தண்டு தெளிவாக ஆடினால் புது வளையத்தால் மட்டும் புகை நிற்காது. கைடையும் மாற்ற வேண்டியிருக்கும்.

என் பழைய அம்பாசிடரில் (அதே 1489 இன்ஜின்) கிளட்ச் கூண்டின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது. கிராங்க் பின்பக்க ஆயில் சீல் எங்கும் கிடைக்கவில்லை. ‘பி-சீரிஸ் பின் சீல்’ என்று வெளியூரிலிருந்து வரவழைத்ததும் பொருந்தவில்லை.
– வாசகர், சேலம்

நீங்கள் தேடும் உறுப்பு உங்கள் இன்ஜினில் கிடையாது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று மட்டுமே கொண்ட இந்த இன்ஜினில், கிராங்கின் பின் முனையில் திருகு மரைபோன்ற வரிப்பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. கிராங்க் சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்ளுக்கே திருப்பித் தள்ளுகிறது. ரப்பர் உதடு கொண்ட பின் சீல், 1964இல் ஐந்து மெயின் பேரிங்குடன் மாற்றி அமைக்கப்பட்டு எம்.ஜி.பி. காரிலும் வந்த இன்ஜினுக்கு உரியது. உங்களுக்கு வந்து சேர்ந்தது அதுவாக இருக்கக்கூடும். மூன்று பேரிங் இன்ஜினுக்கு ரப்பர் சீல் வைக்கும் மாற்று கிட்டுகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன என்றாலும், கீழ்க்கண்டவற்றைப் பார்க்காமல் அதில் இறங்க வேண்டாம்.

மரை மட்டுமே காவல் என்பதால், கிராங்க் கேஸுக்குள் காற்றழுத்தம் கூடினால் எண்ணெய் வெளியே தள்ளப்படும். ஆகவே பக்கவாட்டு டாப்பெட் மூடியிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாயை முதலில் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து, மேலிருந்து வழியும் எண்ணெய். ராக்கர் கவரின் பின் மூலையிலிருந்தோ டாப்பெட் மூடியிலிருந்தோ கசியும் எண்ணெய் பிளாக்கின் ஓரமாகவே ஓடி, கிளட்ச் கூண்டின் அடியில் வந்து சொட்டுவது மிகவும் சாதாரணம். இன்ஜினின் பின்பகுதியை மண்ணெண்ணெயால் கழுவி, நன்கு காயவிட்டு, முகப்பவுடரை மெல்லியதாகத் தூவிச் சற்றுத் தூரம் ஓட்டிவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பரப்பில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே கசிவின் இடம்.

அந்தக் கோடு ராக்கர் கவரிலிருந்து வந்தால், நீங்கள் தேட வேண்டிய ரப்பர் வேறு. கவரை இறுக்கும் இரண்டு நட்டுகளின் கீழே, கிண்ணம்போன்ற வாஷருக்குள் ஒளிந்திருக்கும் சிறு ரப்பர் புஷ்கள் அவை. இவை இறுகிச் சப்பையாகிவிட்டால் நட்டு முடிவு வரை வந்துவிடும். ஆனால் கவரின்மேல் அழுத்தம் விழாது. அதை உணராமல் வலுவாக முறுக்கினால் தகரக் கவர் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கி, கசிவு பெருகும். கார்க் பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு இந்த இரண்டு புஷ்களை மறந்துவிடுவது நம் ஒர்க்‌ஷாப்புகளில் நெடுங்காலப் பழக்கம். டாப்பெட் மூடிகளுக்கும் இதே கவனம் தேவை: பேக்கிங்கோடு போல்ட்டின் வாஷரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எங்களிடம் 1098 சி.சி. மோரிஸ் மைனர் 1000 ஒன்று உள்ளது. தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள குட்டையான குழாய் வெடித்துவிட்டது. பம்பைக் கழற்றாமல் புதியதை நுழைக்க முடியவில்லை. அதை அடைத்துவிட்டு ஓடலாம் என்கிறார் கராஜ்காரர். சரியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அடைக்க வேண்டாம். அது பைபாஸ் ஹோஸ். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. அப்போது ஹெட்டுக்குள் தண்ணீர் சுற்றிவர இருக்கும் வழிகளில் முதன்மையானது இதுவே. அதை அடைத்தால், இன்ஜின் சூடேறும் அந்தச் சில நிமிடங்களில் எக்ஸாஸ்ட் வால்வுகளை ஒட்டிய பகுதி அளவுக்குமீறிச் சுடும்.

நேரான ஹோஸை, பம்போ ஹெட்டோ கழற்றப்பட்ட நிலையில்தான் பொருத்த முடியும். அதனாலேயே ஆர்மோனியத் துருத்தி மடிப்புப்போல அமைந்த இன்னொரு வகை விற்பனையில் இருக்கிறது. அதை விரலால் அமுக்கிக் குட்டையாக்கி இடையில் நுழைத்து விரியவிடலாம். மினி, ஆஸ்டின் ஏ35, ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் எல்லாம் இதே ஏ-சீரிஸ் இன்ஜினைக் கொண்டவை என்பதால், கொழும்பின் உதிரிபாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ‘மினி பைபாஸ் ஹோஸ்’ என்று கேட்டால் உங்கள் வேலை எளிதாகும். இரண்டு கிளிப்புகளையும் ஹோஸில் முன்னதாகவே கோத்து, அவற்றின் திருகுகள் ஸ்குரூடிரைவர் எட்டும் பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்; உள்ளே போன பிறகு அவற்றைத் திருப்ப இடமிருக்காது. வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை, கிரீஸோ இன்ஜின் எண்ணெயோ தடவினால் ஊதிக் கெட்டுவிடும். துருத்தி வகையின் மடிப்புகளில் ரப்பர் மெலிதாக இருப்பதால் அதன் ஆயுள் குறைவு. வேறு காரணத்துக்காகப் பம்பைக் கழற்ற நேரும் நாளில் நேரான, தடித்த ஹோஸையே போட்டுவிடுங்கள்.

ஆயில் ஃபில்டர் கிண்ணத்துக்கு இரண்டு முறை புது ரப்பர் வளையம் போட்டும் எண்ணெய் பீறிடுகிறது. வளையம் தவறானதா?
– வாசகர், திண்டுக்கல்

வளையத்தைச் சந்தேகிப்பதற்கு முன், பள்ளத்துக்குள் பழைய வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பு அமரும் பள்ளம் ஆழமானது. அதன் அடியில் பழைய வளையம் சூட்டில் இரும்போடு இரும்பாக ஒட்டி, கருமை படிந்து, பள்ளத்தின் தரையைப் போலவே தோன்றும். அதன்மேல் புதிய வளையத்தை வைத்தால் அது பிதுங்கி நிற்கும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் வெளியே தள்ளப்படும். கூரான கோணியூசியால் பள்ளத்தைச் சுற்றிலும் குத்திப் பாருங்கள். ஊசி எங்கும் மெத்தென்று இறங்காமல் இரும்பில் தட்டினால்தான் பள்ளம் காலி என்று பொருள். சில இன்ஜின்களில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று வளையங்கள்கூட வெளிவந்திருக்கின்றன.

அதன் பிறகும் பொருந்தவில்லை என்றால், பி-சீரிஸ் போன்ற இன்ஜின்களுக்கு டெக்கலமிட், பியூரோலேட்டர் என வெவ்வேறு நிறுவனங்களின் ஃபில்டர்கள் வந்ததை நினைவில் வையுங்கள். பள்ளத்தின் உள்விட்டம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கிண்ணத்தைத் தாங்கும் நடு போல்ட்டின் தலைக்கடியில் இருக்கும் சிறு ரப்பர் வாஷரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட கடையிலிருந்து, உறை பிரிக்காத அசல் ரப்பர்கள் ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. பயன்படுத்தலாமா?
– வாசகர், சென்னை

இன்ஜினுக்குள் போட வேண்டாம். உறைக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. ரப்பர் சாமான்களைச் சேமித்து வைப்பதற்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 2230, இருட்டிலும் குளிர்ச்சியிலும் முறையாக வைக்கப்பட்ட இயற்கை ரப்பருக்கு 5 ஆண்டுகள், நைட்ரைலுக்கு 7 ஆண்டுகள், வைட்டானுக்கும் இ.பி.டி.எம்.முக்கும் 10 ஆண்டுகள் என்று காலம் குறிக்கிறது. பரிசோதித்துப் பார்த்துச் சில ஆண்டுகள் நீட்டிக்கலாம். உங்கள் பெட்டி அந்தக் காலத்தை எப்போதோ கடந்திருக்கும்.

ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எண்ணெயும் சூடும் படாத அந்த ரப்பர்களே உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சரியான அளவு மாதிரிகள். உறைமேல் அச்சிட்ட பாக எண் அதைவிட மதிப்புள்ளது. அந்த எண்ணை வைத்துத் தேடினால், அதே ரப்பர் வேறெந்தக் கார்களில் பயன்பட்டது என்பது தெரியவரும். ஒவ்வோர் உறையையும் எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

கையில் கிடைக்கும் கறுப்பு ரப்பர் எந்த வகை என்று வீட்டிலேயே கண்டறிய வழி உண்டா? எரித்துப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?
– வாசகர், கோயம்புத்தூர்

எரிக்காதீர்கள். வைட்டான் எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்னும் கொடிய நச்சுவாயு வெளிப்படும். எரிந்த மிச்சத்தைத் தொடுவதும் ஆபத்து. நிறத்தை நம்பியும் பயனில்லை. எல்லா வகைகளும் கறுப்பில் வருகின்றன.

எடை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். நகை எடைபோடும் சிறு தராசில் ரப்பரை முதலில் அப்படியே எடைபோடுங்கள். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசின்மேல் வைத்துக் காட்டும் எடையைச் சுழியாக்கிவிட்டு, ரப்பரை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். முதல் எடையை, இப்போது தராசு காட்டும் எடையால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். இ.பி.டி.எம்.மும் நைட்ரைலும் பொதுவாக 1.1 முதல் 1.3 வரை நிற்கும், வைட்டான் 1.8ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும். வளையம் மிகச் சிறியது என்றால் பலவற்றைச் சேர்த்து எடைபோடுங்கள். இ.பி.டி.எம்.மையும் நைட்ரைலையும் பிரித்தறிய, ஒரு துண்டை இன்ஜின் எண்ணெயில் சில நாள் ஊறவிட்டு முன்னும் பின்னும் தடிமனை அளந்து பாருங்கள். இ.பி.டி.எம். நன்றாக ஊதிவிடும்; நைட்ரைல் பெரிதாக மாறாது.

பெட்ரோல் பக்கத்துக்கு நைட்ரைல் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் இந்நாளில், பழைய பம்ப் டயாப்ரமும் ஹோஸும் முன்போல் நீடிப்பதில்லை. ஹோஸின்மேல் ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். அதன் உட்சுவர் வைட்டான் வகை ரப்பரால் ஆனது. சிலிகான் ஹோஸைப் பெட்ரோலுக்கு ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம்.

எங்குமே கிடைக்காத ரப்பர் புஷ்ஷை உள்ளூரில் வார்த்துக்கொள்ளலாமா? மோல்டிங் செய்பவரிடம் என்ன கொடுக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

தாராளமாக வார்க்கலாம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிறிய எண்ணிக்கைக்கும் டை (வார்ப்பு அச்சு) செய்து தரும் பட்டறைகள் உண்டு. செலவில் பெரும்பகுதி டைக்கே போகும் என்பதால், அதே கார் வைத்திருக்கும் சிலர் சேர்ந்து செய்வது நல்லது.

பழைய புஷ்ஷை மட்டும் கொடுத்து ‘இதேபோல் வேண்டும்’ என்று சொல்லிவிட்டு வந்தால், அதன் சப்பையும் வீக்கமும் அப்படியே புதியதிலும் வந்துவிடும். அது அமரும் கிண்ண வாஷர், போல்ட், மூடி ஆகிய இரும்புப் பாகங்களை நேரில் எடுத்துச் செல்லுங்கள். அது எந்தத் திரவத்தைச் சந்திக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது, அசையாமல் இருக்குமா உராயுமா என்பவற்றை எழுதிக் கொடுங்கள். கடினத்தையும் எண்ணாகவே சொல்லுங்கள்; ஓ-ரிங் போன்ற சீல்களுக்குப் பொதுவாக ‘ஷோர் ஏ’ அளவுகோலில் 70 வழக்கம். அசையாத இடத்தில் ரப்பர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமுங்கி நின்றால் நன்றாக அடைக்கும்; 2.62 மி.மீ. வளையம் 2.1 மி.மீ. ஆழமுள்ள பள்ளத்தில் அமர்வது அத்தகைய பொருத்தம். பள்ளம் முழுவதையும் ரப்பர் அடைத்துவிடாமல், சூட்டில் விரிவதற்குச் சிறிது இடம் விட வேண்டும்.

டையிலிருந்து வெளியே வந்து ஆறும்போது ரப்பர் ஏறத்தாழ இரண்டு சதவீதம் சுருங்கும். நீங்கள் கொடுக்கும் அளவு ஆறிய பிறகு வேண்டிய அளவு என்பதை மோல்டிங் செய்பவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். முதல் வார்ப்பை ஒருநாள் ஆறவிட்டு, இரும்புப் பாகத்தில் பொருத்திப் பார்த்த பிறகே மீதியை வார்க்கச் சொல்லுங்கள்.